சத்திரம் என்னும் பெயர் மட்டும்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தையும் காரனோடையையும் கடந்தால் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை வரும். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதியை நோக்கிச் செல்கிறது. இன்றைய பயணிக்கு அது பேருந்து மாறும் இடம். ஊர்ப்பெயரின் பின்பாதியோ, இச்சாலைகளில் மனிதர் நடந்தும் வண்டி கட்டியும் சென்ற காலத்தை நினைவூட்டுகிறது.

சத்திரம் என்பது கூரையும் குளமும் அடுப்பங்கரையும் மட்டுமன்று. வழிச்செய்திகள் கைமாறிய இடமும் அதுவே. அடுத்த ஊரில் அரிசி கிடைக்குமா, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது, வழிப்பறி அச்சம் உண்டா என்பனவற்றை எதிர்த்திசையிலிருந்து வந்தவரிடமே கேட்டறிய வேண்டும். சென்னை உச்ச நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, ஐதராபாத், நாகபுரி வழியாகச் சென்று, கல்கத்தாவிலிருந்து கீழைக்கடற்கரை வழியே 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய ‘காசி யாத்திரை சரித்திரம்’ 1838இல் அச்சாயிற்று. வழியின் தன்மை, தண்ணீர், கடைகள், தங்குமிடம் என ஊர்தோறும் குறித்துச் செல்லும் அந்நூலை, பின்னால் வருவோர்க்கான வழிகாட்டி என்றே கொள்ளலாம்.

சத்திரத்தைப் பொற்காலச் சின்னமாக்கிவிடவும் கூடாது. சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு தாழ்வாரம் என்பது பல சத்திரங்களின் வழக்கம். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோர்க்கு வாசலும் திறக்கவில்லை. அந்த அறத்துக்கு எல்லை இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதியால் கோயில் மானியங்களோடு சத்திர மானியங்களையும் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. பின்னர்ப் பல சத்திரங்கள் தல நிர்வாகக் கழகங்களிடம் சென்றன. அவற்றின் தேவையையே குறைத்தது ரயில். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் திருவள்ளூர் வழியாக வண்டி ஓடியது. அந்நூற்றாண்டின் இறுதியில் கும்மிடிப்பூண்டிப் பாதையும் வந்தது. பல நாள் வழி சில மணி நேரமாயிற்று. இடைப்பட்ட ஊர்கள் சன்னல் காட்சிகளாயின.

இரு பாதைகளுக்கும் நடுவில் அமைந்த பெரியபாளையத்தை ரயில் தொடவில்லை. ஆயினும் ஆடி மாதத்தில் பவானி அம்மனைக் காண வருவோர் குறையவில்லை. வேப்பிலை உடுத்தி, பொங்கலிட்டு, இரவு தங்கிச் செல்லும் மக்கள் பழைய பயணமுறையை இன்றும் காத்துவருகின்றனர்.

இன்று பயணிகள் மீண்டும் சாலைக்கே வந்துவிட்டனர். 1971இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னையிலிருந்து திருப்பதிக்கு ஒருநாள் பயணமும் நடத்துகிறது. ஆனால் இவ்வட்டாரத்தின் கதையைக் கேட்டுச் செல்வோர் எத்தனை பேர்? கொசஸ்தலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டார். அவ்விடத்துக் கற்கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவற்றை விளக்கும் அரசு அகழ்வைப்பகம் பூண்டியில் உள்ளது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சமும் அவர்தம் கல்லறைகளும் கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் வழி பிரியும் வட்டாரத்தில்தான் ஜனப்பன்சத்திரம் நிற்கிறது.

உணவும் உறங்குமிடமும் இன்று விலைக்குக் கிடைக்கும். விலைக்குக் கிடைக்காதது, வந்தவனுக்கு ஊரைச் சொல்லும் ஒரு குரல். சாதி கேளாத ஒரு சத்திரம் அக்கூட்டுச்சாலையில் மீண்டும் எழுமானால், அது சோறிட வேண்டியதில்லை. வழி சொன்னாலே போதும்.