தோட்டக் காவலும் முள்வேலியும்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில், போருக்கு முன்னர், காவல் என்பது பெரும்பாலும் 'ஜாகா'வின் வேலையாகவே இருந்தது. கைத்தடியும் அரிக்கன் விளக்குமே அவருடைய கருவிகள். ஸ்டோரிலும் புகைக்கூடத்திலும் பொருள் களவு போகாமற் பார்ப்பதே அவர் கடமை.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகால ஆட்சிக்கு உட்பட்டது. கொரில்லாக்கள் பால்மரங்களை வெட்டிச் சிதைத்தனர், புகைக்கூடங்களுக்குத் தீயிட்டனர், கங்காணிகளும் தொழிலாளரும் உயிரிழந்தனர். காட்டை அடுத்திருந்த கோலாப்பிலா, ஜெலுபு வட்டாரங்களுக்கு இவ்வச்சம் அயலானதன்று.

காவற் கருவிகள் முதலில் எங்கே வந்தன என்பது கருதத்தக்கது. துரையின் பங்களாவைச் சுற்றி மணல் மூட்டையும் முள்வேலியும் எழுந்தன. இரவில் தேடொளி விளக்கு எரிந்தது. காருக்கு இரும்புக் கவசம் பூட்டப்பட்டது. துப்பாக்கி ஏந்திய ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல் நின்றனர். இவர்களுட் பெரும்பாலோர் மலாய் இளைஞர். தொழிலாளர் லயங்களோ தோட்டமெங்கும் சிதறிக் கிடந்தன.

1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டம் இந்நிலையை மாற்றியது. புறம்போக்கு நிலங்களில் குடியிருந்த சீனர் புதுக்கிராமங்களிற் குடியேற்றப்பட்டனர்; தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தே சேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. கதவுக்கு நேரம் குறிக்கப்பட்டது. அடையாள அட்டை முன்னரே கட்டாயமாகியிருந்தது.

வேலியின் நோக்கம் கொரில்லாவை வெளியே நிறுத்துவது மட்டுமன்று; உள்ளிருந்து அரிசி வெளியே செல்லாமற் தடுப்பதுமாகும். ஆதலால் விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்ற ஆணும் பெண்ணும் வாயிலிற் சோதிக்கப்பட்டனர். நண்பகலுக்கென்று சோறு கட்டிக் கொண்டு போவதற்குத் தடை இருந்தது. கொரில்லாவைப் பட்டினியிடும் திட்டத்தின் சுமையைத் தொழிலாளியின் வயிறும் தாங்கியது.

தமிழில் 'காவல்' என்னும் சொல் பாதுகாப்பையும் குறிக்கும், சிறைவைத்தலையும் குறிக்கும். பங்களாவைச் சூழ்ந்த வேலி முதற்பொருளுக்கே உரியது. லயத்தைச் சூழ்ந்த வேலி இருபொருளுக்கும் உரியது. கம்பி ஒன்றே, உள்ளிருந்தோர் மீது ஐயம் இருந்ததா என்பதே வேறுபாடு.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. துரைமாரின் துணிவைப் பேசும் நூல்கள் பல உள. வேலிக்குள் வாழ்ந்தும், ஆபத்துக்கிடையே நாள்தோறும் மரம் சீவியும் நாட்டின் ரப்பரை நிற்கவைத்த தொழிலாளரின் துணிவும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டும். அப்போதுதான் தோட்டக் காவலின் வரலாறு முழுமை பெறும்.