தொட்டி நிறைய தீனி, ஆனாலும் பட்டினி! புது கடல் மீன் தொட்டியில் சில மீன்கள் ஏன் சாப்பிட மறுக்கின்றன?

கம்பத்தை அடுத்த காமயகவுண்டன்பட்டியில் ஒரு வீடு. ஹாலில் புதிதாக ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீல விளக்கு, வெள்ளை மணல், அடுக்கி வைத்த பாறை, நடுவில் பச்சையும் ஆரஞ்சும் நீலமும் கலந்த ஒரு மாண்டரின் மீன். கடைக்காரர் கொடுத்த குருணைத் தீனியைப் போடுகிறார்கள். மீன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மறுநாளும் அப்படியே. "புது இடம், ரெண்டு நாள்ல பழகிடும்" என்று காத்திருக்கிறார்கள். சில வாரங்களில் மீன் இளைத்து, ஒரு காலையில் மணலில் கிடக்கிறது.

கடல் மீன் வளர்ப்பில் புதிதாக இறங்கும் பலர் சந்திக்கும் இழப்பு இது. தண்ணீரும் சரி, உப்பும் சரி, விளக்கும் சரி. மீன் மட்டும் பசியில் செத்துப்போகிறது. ஏன் இப்படி நடக்கிறது, எப்படித் தடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

மீனுக்கு அடமா?

அடம் கிடையாது. நாம் போடுவது சாப்பாடு என்றே அந்த மீனுக்குத் தெரியவில்லை.

மாண்டரின் மீன் மேற்கு பசிபிக் கடலின் பவளத்திட்டுகளில் வாழ்வது. அங்கே பாறை இடுக்குகளில் ஊர்ந்து திரியும் கோபிபாட் போன்ற நுண்ணிய இறால் வகை உயிர்கள்தான் அதன் முக்கிய உணவு. இவற்றில் பலவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு கொண்டவை. மாண்டரின் வேகமாக நீந்திப் பாய்ந்து இரை பிடிக்காது. பாறை மேல் மெதுவாக நகர்ந்து, உற்றுப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொத்தும். பகல் முழுக்க அதற்கு இதுதான் வேலை. அசையும் பொருள்தான் அதன் கண்ணுக்கு இரை. மேலிருந்து விழுந்து அசையாமல் கிடக்கும் குருணை அதற்கு மணல் மாதிரிதான்.

நீண்ட மூக்கு கொண்ட காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீனும் இப்படித்தான். பாறை இடுக்கில் மூக்கை நுழைத்துப் புழுக்களையும் சிறு உயிர்களையும் பிடுங்கித் தின்பது அதன் பழக்கம். மேலே மிதக்கும் தீனி அதற்குப் பழக்கமே இல்லாத விஷயம்.

புதுத் தொட்டியில் பிரச்சினை ஏன் அதிகம்?

பழைய தொட்டியின் பாறைகளில் கோபிபாட்கள் தாமாகவே பெருகியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடுவது தெரியும். மாண்டரினுக்கு இதுதான் சோற்றுப்பானை. புதுத் தொட்டியில் அந்தப் பானை காலி.

கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதன் பிறகு சாதாரண மீன்களை விடலாம். ஆனால் ஒரு மாண்டரினைத் தாங்கும் அளவுக்குக் கோபிபாட் பெருக 6 மாதம், சில தொட்டிகளில் ஒரு வருடம்கூட ஆகும். தொட்டி சிறியதாக இருந்தால் காத்திருந்தும் பலன் குறைவு. பெருகும் வேகத்தைவிட மீன் தின்னும் வேகம் அதிகம். 250, 300 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் மாண்டரின் வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

"கடல்ல இருந்தே உயிர்ப்பாறை எடுத்துட்டு வந்து போட்டா சரியாயிடுமே?" என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். முதல் பட்டியல் உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடல் குதிரையும் அதே 2001-ல் பாதுகாப்புப் பட்டியலுக்கு வந்ததுதான். அதனால் "அதுவும் ஒண்ணு வாங்கி விடலாமே" என்ற ஆசையே வேண்டாம்.

ஆக, இங்கே தொட்டி வைப்பவர் செயற்கைப் பாறையில்தான் தொடங்க வேண்டும். அதில் உயிர் எதுவும் இருக்காது. பண்ணையில் வளர்த்த கோபிபாட்களை வாங்கி விட்டு, தின்ன மீன் இல்லாமல் அவை பெருகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

சாப்பிடவில்லை என்று அதிகமாகப் போட்டால்?

பெரும்பாலானோர் செய்யும் தவறு இது. மீன் சாப்பிடவில்லையே என்ற பதைப்பில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தீனி போடுவார்கள். தின்னாத தீனி அழுகும். அதிலுள்ள புரதம் அம்மோனியாவாக மாறும். புதுத் தொட்டியில் அதைச் சமாளிக்கும் அளவுக்கு பாக்டீரியா இருக்காது. அம்மோனியா ஏறினால் மீனின் செவுள் பாதிக்கும்; இருக்கிற பசியும் போய்விடும். மறுபடி தீனி, மறுபடி அம்மோனியா. சுழல் இப்படியே போகும்.

அதனால் 10, 15 நிமிடத்தில் தின்னாமல் கிடப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பரிசோதனையில் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். மீன் சாப்பிட மறுத்தால் தீனியை மாற்றும் முன் தண்ணீரைச் சோதிப்பதுதான் முதல் வேலை.

மண்டபம் சொல்லும் பாடம்

தீனிப் பிரச்சினை வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில்தான் தொடங்கப்பட்டது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் தொடர்ந்து இயங்குகிறது. கோமாளி மீன் எனப்படும் க்ளவுன் மீன்களையும் டேம்சல் வகை மீன்களையும் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்தது இந்த மையம். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீன் குஞ்சு பொரிப்பில் வெற்றி கண்டது.

முட்டை வைக்கச் செய்வதைவிட, பொரித்த குஞ்சுக்குச் சோறு போடுவதுதான் பெரிய சவால். க்ளவுன் குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் போதும். சில நாள் கழித்து ஆர்ட்டீமியா குஞ்சு கொடுக்கலாம். டேம்சல் குஞ்சின் வாய் அதைவிடச் சிறியது. அதற்குக் கோபிபாட்டின் குஞ்சுகளே தேவைப்பட்டன. நுண்பாசியால் பச்சையாக்கிய தண்ணீரில் முதலில் கோபிபாட்டை வளர்த்து, அதற்குள் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள்.

இதில் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் சாப்பாட்டை வளர்க்க வேண்டும், அப்புறம்தான் மீன்.

கடல் இல்லாத ஊரில் உயிர்த்தீனிக்கு என்ன வழி?

காமயகவுண்டன்பட்டியில் இருந்து மண்டபம் சாலை வழியில் 250 கி.மீ.க்கு மேல். உயிரோடு தீனி வாங்கி வருவது நடக்காத காரியம். ஆனால் ஆர்ட்டீமியா முட்டை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது.

ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களில் வாழும் ஒரு சிறு உயிர். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அதன் காய்ந்த முட்டைகள் டின்னில் கிடைக்கும். ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பொரிக்கவைப்பது எளிது:

* ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் 1 லிட்டர் தண்ணீர், 25 முதல் 30 கிராம் கல் உப்பு.
* 1 அல்லது 2 கிராம் முட்டை.
* முட்டைகள் அடியில் தங்காதபடி ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு நன்றாகக் குமிழ வைக்க வேண்டும்.
* 26 முதல் 28 டிகிரி சூடு, மேலே ஒரு விளக்கு வெளிச்சம்.
* 24 முதல் 36 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வந்துவிடும்.

காற்றை நிறுத்திச் சில நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அவற்றை மட்டும் குழாயில் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது முக்கியம். குஞ்சு தன் உடலில் உள்ள மஞ்சள்கருவைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. நேரம் ஆக ஆக அதன் சத்து குறையும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் உப்பு முட்டை பொரிக்க மட்டும்தான். மீன் தொட்டிக்குக் கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவையே வேண்டும். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ பிடிக்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்கிவிடும்.

பழக்குவது எப்படி?

ஆர்ட்டீமியா குஞ்சு, மீனைச் சாப்பிட வைப்பதற்கான முதல் படி. அதையே காலம் முழுக்கக் கொடுத்தால் சத்து போதாது. படிப்படியாக மாற்ற வேண்டும்.

1. முதல் வாரம் உயிருள்ள ஆர்ட்டீமியா மட்டும். ஒரே நேரம், ஒரே மூலை. தீனி போடும்போது மோட்டாரை 10 நிமிடம் நிறுத்தி வைக்கலாம்.

2. மீன் கொத்தத் தொடங்கியதும், உயிர்த்தீனியோடு உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து, கொஞ்சமாகக் கலக்க வேண்டும். உறைந்த தீனியின் பங்கை நாளுக்கு நாள் கூட்டலாம்.

3. அதுவும் பழகிய பிறகு, ஊறவைத்த சிறு குருணை. சில மீன்கள் இந்தப் படிக்கு வராமலே போகலாம். அப்படியென்றால் உயிர்த்தீனியையும் உறைந்த தீனியையும் நிறுத்தக் கூடாது.

மாண்டரினுக்கு ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியைப் படுக்கவைத்து அதற்குள் தீனியைச் செலுத்தலாம். மெதுவாக நகரும் மீன் உள்ளே போய்த் தின்னும், தீனியும் சிதறாது. காப்பர்பேண்ட் மீனுக்கு, மீன் கடையில் கிடைக்கும் மட்டியைப் பிளந்து பாறை இடுக்கில் வைத்தால் ஆர்வமாகக் கொத்தும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

கூட இருக்கும் மீன்களும் முக்கியம். டேம்சல் மாதிரி பாய்ந்து தின்னும் மீன் இருந்தால் மாண்டரினுக்கு மிஞ்சாது.

திராட்சைத் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

கம்பம் பள்ளத்தாக்குக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. திராட்சைக் கொடிக்குப் பூஞ்சை நோய் வராமல் இருக்க மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை அடிப்பது வழக்கம். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. கோபிபாட், இறால், பவளம் ஆகியவற்றுக்கு மிகக் கொஞ்சம் செம்பே விஷம். மருந்து கலக்கிய வாளியில் மீன் தண்ணீர் பிடிக்கக் கூடாது. தோட்டத்தில் இருந்து வந்த கையோடு தொட்டிக்குள் கை விடக் கூடாது. மீன் நோய்க்கு விற்கும் சில மருந்துகளிலும் செம்பு உண்டு. நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மீன் பிழைக்கும், அதன் சாப்பாடு மொத்தமும் செத்துவிடும்.

கரண்ட் போனால் காற்றும் நிற்கும். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் கைவசம் இருப்பது நல்லது.

எப்போது பயப்பட வேண்டும்?

நன்றாகச் சாப்பிடும் மீனின் வயிறு மேலிருந்து பார்த்தால் லேசாகப் புடைத்திருக்கும். வயிறு உள்வாங்குவது, தலைக்குப் பின்னால் குழி விழுவது, முதுகு கத்தி மாதிரி மெலிவது எல்லாம் பட்டினியின் அடையாளங்கள். குழி விழுந்த பிறகு தீனியைத் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மீன் மும்முரமாகக் கொத்துகிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. காலிப் பாறையையும் மாண்டரின் நாள் முழுக்கத் தேடிக்கொண்டுதான் இருக்கும். வயிற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் முதலில் எந்த மீன்?

தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த க்ளவுன் மீன். குஞ்சிலிருந்தே குருணை தின்று பழகியது, விலை கட்டுபடி ஆகும், கடலில் இருந்து பிடித்ததும் இல்லை. மாண்டரினிலும் பண்ணையில் வளர்ந்தவை உலகச் சந்தையில் உண்டு. கிடைத்தால் அவைதான் நல்ல தேர்வு.

கடையில் எந்த மீனை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது என்ன சாப்பிடுது, என் முன்னாடி போட்டுக் காட்டுங்க." கடைத் தொட்டியில் சாப்பிடாத மீன், புது வீட்டில் சாப்பிடும் என்று நம்பி வாங்குவது மீனின் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம். போட்டுக் காட்டத் தயங்கினால், அந்த மீனை அங்கேயே விட்டுவிட்டு வருவதே நல்லது.