கட்டட அனுமதி விதிகள் அனைவருக்கும் சமமானவையா? சட்டமும் நடைமுறையும்: ஒரு பார்வை

புதுதில்லி: வீடு கட்டவும், இருக்கும் கட்டடத்தை விரிவாக்கவும், கடை அல்லது பள்ளி அமைக்கவும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை. அதற்கான விண்ணப்பத்துடன் நில உரிமை ஆவணம், தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம், கட்டண ரசீது போன்றவை இணைக்கப்பட வேண்டும். மனையின் அளவு, முன்னுள்ள சாலையின் அகலம், விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன.

இவ்விதிகள் எந்தச் சமூகத்தையும் பாலினத்தையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை. எனினும், ஒரே பட்டியலிலுள்ள ஆவணங்களை ஒருவர் ஒரே நாளில் திரட்டிவிட, மற்றொருவர் வாழ்நாள் முழுதும் முயன்றும் திரட்ட இயலாத நிலை நிலவுகிறது. எனவே, விண்ணப்பத் தேவைகள் எல்லாப் பிரிவினரையும் நியாயமாக நடத்துகின்றனவா என்று மதிப்பிடுவது சட்டத்தின் பார்வையிலும் முக்கியத்துவம் பெற்று வருகிறது.

அனுமதி இல்லையெனில் என்ன ஆகும்?

அனுமதியின்றி எழும் கட்டடத்துக்கு அபராதம், முத்திரை வைத்தல், இடிப்பு ஆகியவை காத்திருக்கின்றன. 2024 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பு இதன் தீவிரத்தைக் கூட்டியுள்ளது. பணி நிறைவுச் சான்றிதழ் அல்லது குடியிருப்புக்கான சான்றிதழைக் காட்டிய பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்றும், கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் அளிக்கும் வங்கிகள் அச்சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு உத்தரவிட்டது.

விதிமீறலைத் தடுப்பதே அத்தீர்ப்பின் நோக்கம். ஆயினும் அதன் விளைவாக, விண்ணப்பத்தின் முதல் படியையே தாண்ட முடியாதவருக்கு மின்சாரம், குடிநீர், வங்கிக் கடன் ஆகிய மூன்றும் எட்டாத தொலைவுக்குச் செல்லும். இதனாலேயே விண்ணப்பத் தேவைகளின் நியாயம் பற்றிய கேள்வி முன்னிலும் கூடுதல் எடை பெறுகிறது.

அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாக, 2024 நவம்பர் 13 அன்று, நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு இடிப்பு நடவடிக்கைகளுக்கு நெறிமுறை வகுத்தது. முன்னறிவிப்பு அளித்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மனை வாங்க வழியற்ற ஏழைகள் பலர் குடிசை அமைத்து வாழ்வது இத்தகைய இடங்களில்தான்.

அரசமைப்பின் நிலைப்பாடு

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல் முதலாவதாகவும், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல் இரண்டாவதாகவும் இடம்பெற்றுள்ளன. மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைக் காத்தல் ஒன்பதாவது, குடிசைப் பகுதி மேம்பாடு பத்தாவது. கட்டடத்துக்கு அனுமதி அளிக்கும் அதே அமைப்புக்கே நலிந்தோரைக் காக்கும் பொறுப்பும் உரியது என்பதே இதன் பொருள்.

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அரசமைப்பின் 14-ஆவது பிரிவு. மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் அரசு பாகுபாடு காட்டுவதை 15-ஆவது பிரிவு தடை செய்கிறது. பெயரளவில் பொதுவாகத் தோன்றும் விதி ஒரு பிரிவினரை மட்டும் அளவுக்கு மீறிப் பாதிக்குமானால், அதுவும் பாகுபாடே என்ற கோட்பாட்டை 2021 மார்ச் 25 அன்று உச்சநீதிமன்றம் விரிவாக ஏற்றது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது தொடர்பான அவ்வழக்கில், ஆண்களைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்ட தகுதி அளவுகோல்கள் மறைமுகப் பாகுபாடாக அமைந்ததாக நீதிமன்றம் கூறியது. விதியை வகுத்தவரின் எண்ணம் மட்டுமல்ல, விதியின் விளைவும் ஆராயப்பட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். கட்டட விதிகளை மதிப்பிடவும் இதே அளவுகோல் பயன்படும்.

மாற்றுத்திறனாளிகள்: விதி உண்டு, கட்டாயம் எங்கே?

விண்ணப்ப நிலையிலேயே சமத்துவத்தை வலியுறுத்தும் தெளிவான சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அணுகல் வசதி குறித்த மத்திய அரசின் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்கிறது அதன் 44-ஆவது பிரிவு. அவ்விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழும் அளிக்க இயலாது. அரசு நிறுவனங்களுடன் தனியார் நிறுவனங்களையும் இது கட்டுப்படுத்தும். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று 45-ஆவது பிரிவு கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டதால், அந்தக் கெடு 2022-இல் முடிந்துவிட்டது.

சட்டம் கடுமையாக இருந்தும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 15-ஆவது விதி பல துறைகளின் வழிகாட்டுதல்களைச் சுட்டியதோடு நின்றது. அவற்றில் பல, செய்யலாம், செய்வது நல்லது என்ற பரிந்துரை நடையில் அமைந்திருந்தன. பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 8 அன்று இக்குறையைச் சுட்டிக்காட்டியது. 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளைத் தனியே வகுக்க மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் அளித்தது. விதிகளை மீறுவோருக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைத்தல், அபராதம் விதித்தல் ஆகிய விளைவுகளும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். சாய்தளமும் அகன்ற கதவும் கைப்பிடியும் வரைபடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டுமா, விரும்பினால் போதுமா என்பதைப் பொறுத்தே, ஒரு மருத்துவமனைக்குள்ளோ வங்கிக்குள்ளோ அவர்கள் பிறர் துணையின்றி நுழைய முடியுமா என்பது தீர்மானமாகிறது. கட்டி முடித்த படிக்கட்டை இடித்து மாற்றுவதைக் காட்டிலும் வரைபடத்தில் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. விண்ணப்ப நிலைச் சோதனை முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவே காரணம்.

நில உரிமை ஆவணம் என்னும் முதல் தடை

2011 கணக்கெடுப்பின்படி, நகரக் குடிசைப் பகுதிகளில் வாழ்வோர் சுமார் 6.55 கோடி பேர். இவர்களில் பெரும்பகுதியினரிடம் விண்ணப்பத்துடன் இணைக்கத்தக்க பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் இல்லை. எளிமையாக்கப்பட்ட நடைமுறைகளும் இவர்களுக்கு உதவுவதில்லை. தில்லியின் 2016-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 105 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு மனைகளுக்கு வழக்கமான வரைபட ஒப்புதலிலிருந்து தளர்வு அளிக்கின்றன. சிறு மனை உரிமையாளருக்கு அது பெரும் நிவாரணம். மனைக்கு உரிமையாளர் என்று மெய்ப்பிக்க இயலாதவருக்கோ அதனால் பயனில்லை.

இத்தடையைக் களைய இருவேறு சட்ட முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. தில்லியில் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போருக்கு, பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், பணம் செலுத்திய சான்று, அனுபோகச் சான்று போன்ற ஆவணங்களின் அடிப்படையில் சொத்துரிமை வழங்க 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பொது அதிகாரப் பத்திரம் வழியான விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கூறியிருந்த நிலையில், இக்குடியிருப்புகளுக்கு இது சிறப்பு விலக்காக அமைந்தது. வசதி படைத்தோர் வாழும் 69 அங்கீகாரமற்ற குடியிருப்புகள் இத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

ஒடிசா மாநிலம் 2017-இல் இயற்றிய குடிசைவாசிகள் நில உரிமைச் சட்டம், நகர்ப்புறக் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. இந்த உரிமையை வாரிசுகள் பெறலாம், கடனுக்கு ஈடாக வைக்கலாம், ஆனால் விற்க இயலாது. மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ் வழங்கப்படும். ஆவணம் கேட்பதைக் கைவிடாமல், ஆவணம் இல்லாதவருக்கு அதை உருவாக்கித் தருவது என்ற அணுகுமுறை இவ்விரண்டுக்கும் பொதுவானது.

பெண்கள் எங்கே நிற்கின்றனர்?

2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 43.3 சதவீதத்தினர் தனியாகவோ பிறருடன் கூட்டாகவோ வீடு அல்லது நிலம் வைத்துள்ளனர். கூட்டு உரிமையும் இதில் அடங்கும் என்பது கவனிக்கத்தக்கது. மற்ற உரிமையாளர்களின் சம்மதக் கடிதம் கோரப்படும்போது, கணவரை இழந்த பெண்ணோ, பிரிந்து வாழும் பெண்ணோ உறவினரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க நேரிடும். 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கை அளித்தது. ஆயினும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் மாறாதவரை அந்தப் பங்கு விண்ணப்பத்தில் வெளிப்படாது.

இணையவழி விண்ணப்பமும் இரு முனைக் கத்தியே. அலுவலகத்துக்கு அலைவதையும் இடைத்தரகரை நாடுவதையும் அது குறைக்கிறது. அதே ஆய்வின்படி, இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியுள்ள பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். இணையவழி மட்டுமே என்றாகும்போது, விண்ணப்பதாரர் மீண்டும் வேறொருவரின் உதவியை நாட வேண்டியுள்ளது.

யாருக்கான எளிமை?

உலக வங்கியின் எளிதில் தொழில் புரிதல் அறிக்கையில், கட்டுமான அனுமதிப் பிரிவில் 2018-இல் 181-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2020 அறிக்கையில் 27-ஆவது இடத்துக்கு முன்னேறியது. தில்லி, மும்பை மாநகரங்களில் நடைமுறைகள் குறைக்கப்பட்டதும், அனுமதிகள் இணையவழி ஒருங்கிணைக்கப்பட்டதும் இதற்குக் காரணம். ஆனால் அந்த அறிக்கை அளவுகோலாகக் கொண்டது சுமார் 14,000 சதுர அடி பரப்புள்ள ஒரு வணிகக் கிடங்கை. 25 சதுர மீட்டர் மனையில் மேல்தளம் கட்ட விரும்பும் குடும்பத்தின் அனுபவம் அதில் அளக்கப்படவில்லை. தரவு முறைகேடுகள் வெளியானதை அடுத்து 2021-இல் உலக வங்கி அந்த அறிக்கையையே கைவிட்டது. எதை அளக்கிறோம் என்பதே எது சீராகும் என்பதையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பிரிட்டனில் எப்படி?

இங்கிலாந்தில் ஒவ்வொரு உள்ளூர்த் திட்ட அமைப்பும், விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டியவற்றின் பட்டியலை வெளியிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கேட்கப்படும் விவரம் திட்டத்தின் அளவுக்கும் தன்மைக்கும் ஏற்ற நியாயமான ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இதற்கு மேலாக, 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு, வயது, மாற்றுத்திறன், இனம், மதம், பாலினம், மகப்பேறு உள்ளிட்ட பண்புகளைக் கொண்டோர் மீது தமது முடிவுகள் ஏற்படுத்தும் விளைவைக் கருத்தில் கொள்ளும் கடமையைப் பொது அமைப்புகளுக்கு விதிக்கிறது. எனவே பல உள்ளாட்சி அமைப்புகள் பட்டியலைத் திருத்தும்போது சமத்துவத் தாக்க மதிப்பீட்டையும் தயாரிக்கின்றன. மாற்றுத்திறனாளி ஒருவரின் பயன்பாட்டுக்காக அவர் வாழும் வீட்டில் செய்யப்படும் மாற்றங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

அங்கும் குறைகள் இல்லாமலில்லை. முதுமையாலோ மாற்றுத்திறனாலோ நிலையாகத் தங்கிவிட்ட நாடோடிச் சமூகத்தினரை, அவர்களுக்கான இட ஒதுக்கீட்டுக் கொள்கையின் வரையறையிலிருந்து 2015-இல் அரசு விலக்கியது. இது பாகுபாடானது என்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் வரையறை திருத்தப்பட்டது.

மதிப்பீடு எவ்வாறு அமையலாம்?

இந்தியாவில் கட்டட விதிகளின் சமத்துவ விளைவை முன்கூட்டியே ஆராயும் பொதுவான சட்டக் கடமை இல்லை. எனினும் அரசின் செலவினங்களைப் பாலின நோக்கில் ஆராயும் பாலின வரவு செலவு அறிக்கை 2005-06 முதல் மத்திய பட்ஜெட்டுடன் வெளியிடப்படுகிறது. செலவுக்குப் பொருந்தும் அணுகுமுறை விதிகளுக்கும் பொருந்தும். அவ்வாறு மதிப்பிடும்போது எழுப்பத்தக்க கேள்விகள்:

* கேட்கப்படும் ஒவ்வோர் ஆவணமும் கட்டடத்தின் பாதுகாப்புக்கோ அண்டை வீட்டாரின் உரிமைக்கோ உண்மையிலேயே தேவையா?
* அந்த ஆவணத்தைப் பெற இயலாத பிரிவினர் யார்? அவர்களுக்கு மாற்றுச் சான்று ஏற்கப்படுகிறதா?
* சிறு வீட்டுக்கும் பல மாடிக் கட்டடத்துக்கும் ஒரே பட்டியலா, அளவுக்கேற்ற பட்டியலா?
* விண்ணப்பமும் விளக்கமும் உள்ளூர் மொழியில், பார்வைக் குறைபாடுள்ளோரும் படிக்கத்தக்க வடிவில் உள்ளனவா?
* நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் காரணங்கள் பகுதிவாரியாகவும் பாலினவாரியாகவும் வெளியிடப்படுகின்றனவா?

மொழி குறித்த கேள்விக்கு நீதிமன்ற முன்னுதாரணமும் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தொடர்பான வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுமாறு 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. விதியால் பாதிக்கப்படுவோர் அதைப் படித்தறிந்தால்தான் கருத்துக் கூற முடியும் என்ற அதே நியாயம் கட்டட விதிகளுக்கும் பொருந்தும்.

தீப்பாதுகாப்பு, காற்றோட்டம், வடிகால் ஆகியவற்றுக்கான விதிகளைத் தளர்த்துவது தீர்வாகாது. அவை மீறப்படும்போது முதலில் பாதிக்கப்படுவோரும் நெரிசலான பகுதிகளில் வாழும் ஏழைகளே. பாதுகாப்புக்கு அவசியமானதைக் கட்டாயமாக்கி, வழக்கத்தின் பெயரால் மட்டும் தொடரும் ஆவணங்களைக் குறைப்பதே மதிப்பீட்டின் பயன். மாற்றுத்திறனாளிகள் விவகாரத்தில் பரிந்துரை கட்டாயமாக வேண்டியுள்ளது; சிறு வீடுகளின் விவகாரத்தில் சில கட்டாயங்கள் தளர வேண்டியுள்ளது. இரண்டையும் பிரித்தறிந்து முடிவெடுக்கும் பொறுப்பு மாநில அரசுகளையும், அரசமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணைப்படி நகராட்சிகளையும் சார்ந்தது.