மூட்டு மாற்று அறுவையும் மனநலமும்

தேய்ந்த முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டு பொருத்தியவர் எவ்வளவு தேறுகிறார் என்பதில் அவருடைய மனநிலைக்கும் பங்கு உண்டு. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடிப்படை வடிவம் தந்தவர், 1962இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. சென்னையின் தென்மேற்கு விளிம்பில், மணப்பாக்கத்தில் எலும்பியல் மருத்துவர் பி.வி.ஏ. மோகன்தாஸ், இத்தகைய அறுவைகள் நடக்கும் மியாட் மருத்துவமனையைத் தொடங்கியது 1999இல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை விதித்த பின் செலவும் ஓரளவு இறங்கியது.

ஆனால் மூட்டு சரியாகப் பொருந்திய எல்லோரும் நிறைவடைவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 1,703 முழங்கால் அறுவைகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், 19 விழுக்காட்டினர் திருப்தியில்லை என்றனர். நிறைவேறாத எதிர்பார்ப்பே அதற்கு முதன்மைக் காரணம். இங்கும் அதுதான் கதை. திருநீர்மலைப் படிகளை மறுபடி ஏறலாம் என்ற நம்பிக்கை பலருக்கு நிறைவேறும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடலாம் என்ற ஆசைக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இடம் தருவதில்லை. இதை அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அடுத்தது பயம். புது முட்டி நன்றாக மடங்குவது முதல் சில வாரங்களின் பயிற்சியில் இருக்கிறது. வலிக்குமே என்று காலை அசைக்காமல் வைத்தால் உள்ளே தழும்புத் திசு இறுகி முட்டி விறைத்துப்போகும். விறைத்த முட்டி இன்னும் வலிக்கும். வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காதவருக்கு மறுநாள் பிசியோ வரும்போது எழுந்திருக்கவே மனம் வராது. லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வாக்கரோடு அடைந்து கிடக்கும் முதியவரிடம் இந்தச் சோர்வு மனச்சோர்வாக முற்றுவதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் கடிந்துகொள்வது பெரிய அநியாயம்.

அறுவை முடிந்த சில நாட்களில் முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் அது வேறு. மருந்து, தொற்று, உப்புச்சத்துக் குறைவு போன்றவற்றால் வரும் அந்தக் குழப்பத்துக்கு உடனே மருத்துவர் வேண்டும்.

மனச்சோர்வு இருப்பவருக்கு அறுவையே கூடாது என்பது தவறு. அச்சம் மிகுந்தவருக்கும் அப்படியே: முழங்கால் அறுவைக்கு முன் வலியை எண்ணி மிகவும் அஞ்சிய 402 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வலியைச் சமாளிக்கும் தனிப்பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை. பயிற்சி பெறாதவர்களுக்கும் அறுவைக்குப் பின் வலியும் அச்சமும் குறைந்தன. மனநல மாத்திரை எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்தாமல், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எதிலும் ஒட்டாமல் இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்; தாம்பரத்திலோ சேலையூரிலோ தனியாக இருக்கும் முதியவருக்காகப் பிள்ளைகளும் அழைக்கலாம்.