உளவுக்கூடத்தில் பிறந்த நைஃபை

ஊர் உலகத்தின் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் வேவு பார்க்கிறது என்று 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்திய அதே அமைப்பு, அடுத்த ஆண்டு தன் மென்பொருள் ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2014 நவம்பர் 25 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, அதாவது என்.எஸ்.ஏ., விட்ட செய்திக்குறிப்பில் அதன் பெயர் நயாகரா ஃபைல்ஸ். எட்டு ஆண்டுகள் வெளியே தெரியாமல் வைத்து வளர்த்த சரக்கு. இன்று அப்பாச்சி நைஃபை என்ற பெயரில் டேட்டா பைப்லைன் ஓட்டுகிறவர்கள் பயன்படுத்துவது இதைத்தான்.

டேட்டா பைப்லைன் என்பது பெயருக்குத்தான் பெரிது. ஓரிடத்தில் விழும் தகவலை எடுத்து, வேண்டியபடி மாற்றி, இன்னோரிடத்தில் சேர்ப்பதுதான் வேலை. நூறு கிளைகளின் விற்பனைக் கணக்கு ராத்திரியில் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும். ஒரு கிளை எக்செல் அனுப்பும், ஒன்று சி.எஸ்.வி. அனுப்பும், ஒன்று அனுப்பவே அனுப்பாது. இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, நேரம் குறித்து நிரலை ஓட்டும் கிரானில் போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஓட விடுவார்கள். ஓடும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. நின்றுபோன மறுநாள் காலையில்தான், அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது தெரியவரும்.

என்.எஸ்.ஏ.வுக்கும் இதே தலைவலிதான், அளவு மட்டும் வேறு. பல கணினி வலைப்பின்னல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு நெறிமுறை. எதிர்முனை எப்போது இருக்கும், எப்போது படுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அவசரத் தகவல் சாதாரணத் தகவலுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் காரியம் கெட்டது. போதாததற்கு, இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, யார் கைபட்டது, எங்கே போனது என்று பிறகு ஒருவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும். 2006இல் தொடங்கிய வேலை இந்தத் தேவைகளிலிருந்து பிறந்தது. அதன் முதன்மைப் பொறியாளராகச் செய்திக்குறிப்பில் பெயர் வந்தவர் ஜோசப் விட்.

அவர்கள் கட்டியதன் முகம் வெறும் உலாவித் திரை. வெள்ளைக் கேன்வாஸில் ஒரு பெட்டியை இழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிராசஸர் என்று பெயர். ஒன்று கோப்பை எடுக்கும், ஒன்று வடிவத்தை மாற்றும், ஒன்று நிபந்தனை பார்த்து வழி பிரிக்கும், ஒன்று தரவுத்தளத்தில் எழுதும். பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்தால் பைப்லைன் தயார். இதுவரை கேட்டால் இது என்ன புதுமை என்றுதான் தோன்றும். படம் வரைந்து நிரல் எழுதாமல் தப்பிக்கும் கருவிகள் அதற்கு முன்பும் சந்தையில் இருந்தன. நைஃபையின் விசேஷம் பெட்டியில் இல்லை, கோட்டில் இருக்கிறது.

அந்தக் கோடு வெறும் அம்புக்குறி அல்ல, ஒரு வரிசை. இரண்டு வேலைகளுக்கு நடுவே காத்திருக்கும் ஒவ்வொரு தகவலும் அதில் நிற்கிறது. எத்தனை நிற்கின்றன, மொத்தம் எத்தனை மெகாபைட் என்ற எண் கோட்டின் மேலேயே தெரிகிறது. வலது கிளிக் செய்து வரிசையைத் திறந்து, நிற்கும் ஒரு தகவலின் உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நாம் மாற்றாதவரை 10,000 உருப்படிகள் அல்லது 1 ஜிபி. நிரம்ப நிரம்பக் கோட்டின் மீதுள்ள பட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகிச் சிவப்பாகும். எல்லையைத் தொட்டதும் முந்தைய பெட்டி தானாக நின்றுவிடும். பிளாட்பாரம் காலியில்லை என்றால் வரும் ரயிலை அவுட்டரில் நிறுத்துகிறார்களே, அதே கதை. அந்தப் பெட்டிக்கு முன்னாலுள்ள வரிசையும் நிரம்பினால் அதற்கு முந்தைய பெட்டியும் நிற்கும். சர்வர் மூச்சுத்திணறி விழுவதற்குப் பதில் வேகம் குறைகிறது. காத்திருப்பவை வட்டில் பதிவாகியிருப்பதால் மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரிசைக்குள் முன்னுரிமையும் கொடுக்கலாம். அவசரமானது முன்னே போய்விடும்.

இந்த யோசனைக்கு ஒரு பாட்டனாரும் உண்டு. கனடாவில் ஐ.பி.எம்.மில் இருந்த ஜே. பால் மாரிசன், தனித்தனி வேலைக்கூறுகளை அளவுள்ள வரிசைகளால் இணைத்து நிரல் அமைக்கும் முறையை வகுத்தார். ஐ.பி.எம். அதற்குக் காப்புரிமை வாங்காமல் 1971இல் தன் தொழில்நுட்ப இதழில் வெளியிட்டுப் பொதுவில் விட்டுவிட்டது. கனடாவின் ஒரு பெரிய வங்கி இந்த முறையில் எழுதிய நிரல்களைப் பல்லாண்டு ஓட்டியது. 1994இல் மாரிசன் இதைப் புத்தகமாகவே எழுதினார். நைஃபையின் ஆவணத்தைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே அவருடைய கருத்துகளுக்கும் தங்கள் பாகங்களுக்கும் பொருத்தம் பார்த்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். கடன்பட்டதை மறைக்காத பண்பு மென்பொருள் உலகில் அபூர்வம்.

உளவு நிறுவனத்தின் முத்திரை தெளிவாகத் தெரிவது இன்னொரு வசதியில்: ஒவ்வொரு தகவலின் பூர்வோத்திரம். விற்பனைக் கணக்கு உதாரணத்துக்கே போவோம். ஒரு கிளையின் தொகை தலைமை அலுவலகத்தில் பத்து மடங்காக நிற்கிறது. திரையில் அந்தக் கோப்பைத் தேடினால் அதன் வம்சாவளி படமாக விரியும்: இத்தனை மணிக்கு வந்தது, இங்கே நான்கு துண்டானது, இங்கே உள்ளடக்கம் மாறியது, இங்கே அனுப்பப்பட்டது. ஒவ்வொரு புள்ளியிலும் மாறுவதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று இரண்டையும் திறந்து பார்க்கலாம். தசமப்புள்ளியை விழுங்கிய பெட்டி எது என்று கண்டுபிடித்ததும், அந்த ஒன்றை மட்டும் நிறுத்தித் திருத்தலாம். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு, பழைய உள்ளடக்கம் கிடங்கிலிருந்து அழியாமல் இருந்தால், அதே கோப்பை அதே இடத்திலிருந்து மறுபடி ஓட்டலாம். ஊரை வேவு பார்ப்பவர்கள் தங்கள் கோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சந்தேகப் புத்தி நமக்கு லாபம்.

வெளியே வந்தபின் நடந்தவை வேகமாக நடந்தன. 2015 ஜூலையில் நைஃபை, திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுத் திட்டமாக உயர்ந்தது. அதை உருவாக்கியவர்களில் சிலர் வெளியேறி ஒன்யாரா என்ற நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். அடுத்த மாதமே தரவு மென்பொருள் நிறுவனமான ஹார்ட்டன்வொர்க்ஸ் ஒன்யாராவை வாங்குவதாக அறிவித்தது. 2019 தொடக்கத்தில் ஹார்ட்டன்வொர்க்ஸே அதே துறை நிறுவனமான கிளவுடெராவுடன் இணைந்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த 2.0 பதிப்பில் பைத்தானிலும் பிராசஸர் எழுதலாம்.

குறைகளும் பிறப்போடு வந்தவையே. உள்வலைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வெளி உலகின் திருட்டுப்பயம் தெரியவில்லை போலும். 2021இல் 1.14 பதிப்பு வரும்வரை, நிறுவிய கையோடு ஓட்டினால் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொள்ளும். பூட்டை நாம்தான் தேடிப் போட வேண்டும். உளவு நிறுவனத்து மென்பொருளுக்கு இது வேடிக்கையான குணம். இன்னொன்று, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிப்பு வாரியாக வைத்துக்கொள்ள 2018இல் ரெஜிஸ்ட்ரி என்ற துணைக்கருவி வரும்வரை ஒழுங்கான வழியில்லை. இருநூறு பெட்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் கேன்வாஸ், மோசமாக எழுதிய நிரலைவிடக் கொடுமையானது. நிரலையாவது வரி வரியாகப் படித்துக்கொண்டு போகலாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை பிறந்தது. நைஃபை வெளிவந்ததற்கு முந்தைய மாதம்தான் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மேக்ஸிம் பொஷமன் ஏர்ஃப்ளோவைத் தொடங்கினார். அதில் பைத்தானில் எழுதினால் படம் தானாக வரும். படத்தைத் தொட்டு எதையும் இணைக்க முடியாது. எந்த வேலை எதற்குப் பின் என்று நேரம் குறித்து நடத்த ஏர்ஃப்ளோ. ஓயாமல் வந்து விழுவதை வாங்கிக் கடத்த நைஃபை. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பது வீண். தினம் ஒரே ஒரு கோப்பை நகர்த்துபவருக்கு இரண்டுமே வேண்டாம், கிரான் போதும்.

காட்சிவழிக் கருவி ஒன்றை விற்க வருபவர் எத்தனை மூலங்களோடு இணையும் என்று பெரிய பட்டியல் நீட்டுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு, தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசித் தரவுத்தளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை தேங்கி நிற்கின்றன என்று திரை காட்டுகிறதா, மறுபடி இயக்கியதும் ஒன்றுவிடாமல் போய்ச் சேர்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தேறினால் வாங்கலாம்.