முதற்சொல்லை மாற்றிய வரலாறு



கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் திரையில் ஒளி தோன்றக் காண்கிறோம். அதற்குமுன் நிகழும் ஒன்றை நாம் காண்பதில்லை. விசையை அழுத்திய அந்தக் கணத்தில் பொறிக்கு ஒன்றும் தெரியாது. தனக்கு வட்டு உண்டா, விசைப்பலகை உண்டா, நினைவகம் எவ்வளவு என்பவற்றை அது அறியாது. தாய்ப்பலகையில் பொருத்தப்பட்டுள்ள ஒரு சிறு சில்லுதான் அதற்கு முதற்சொல்லை ஓதுகிறது. அச்சொல்லைக் கேட்டே பொறி தன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக அறிந்துகொள்கிறது. பின்னரே மற்றப் பணிகள் தொடங்குகின்றன.

அச்சில்லில் உறையும் ஆணைகளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைபொருள் என்று வழங்குகிறோம். ஆஷர் ஒப்ளர் என்பவர் 1967-ஆம் ஆண்டில் இப்பெயரை ஆண்டார். செயலியின் உள்ளே இருக்கும் நுண்ணாணைகளையே அவர் அன்று குறித்தார். பின்னர் அதன் பொருள் விரிந்தது. தாய்ப்பலகையின் நிலைபொருளைப் பலரும் பயாஸ் என்பர். இச்சொல் 1970-களில் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர் தம் சி.பி.எம். என்னும் இயக்கமுறைமையில் வழங்கியதாகும்.

முதன்முறையாகத் தம் தாய்ப்பலகையின் நிலைபொருளைப் புதுப்பிக்க எண்ணும் இளைஞர்கள் பலர் அஞ்சுவதை நான் கண்டிருக்கிறேன். அரிதிற் சேர்த்த பணத்தால் வாங்கிய பொறி, இடையில் ஏதேனும் நேர்ந்தால் வெறுங் கல்லாகிவிடுமே என்பது அவர்கள் கவலை. அந்த அச்சம் காரணமற்றது அன்று. ஆனால், காரணத்தை அறிந்தவர்க்கு அச்சம் விழிப்பாக மாறும். ஆதலின், இயந்திரத்தின் முதற்சொல்லை மாற்ற மனிதன் கற்ற வரலாற்றை இன்று சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

தொடக்கத்தில் அச்சொல் மாற்ற இயலாததாகவே இருந்தது. 1969-இல் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணிப்பொறியை எண்ணிப் பாருங்கள். அதன் ஆணைகள் நெய்யப்பட்டவை! காந்த வளையத்தின் உள்ளே கம்பி சென்றால் ஒன்று. வெளியே சென்றால் சுழி. அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து வால்தம் நகரில், ரேத்தியான் தொழிற்சாலையின் பெண்கள் 36,864 சொற்கள் கொண்ட நினைவகத்தை இவ்வாறு கையால் நெய்தனர். ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் மீண்டும் நெய்ய வேண்டும். மாற்றுவது கடினம், ஆனால், தவறுதலாக அழிந்துபோகும் என்ற அச்சமும் இல்லை.

1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் என்பவர், அழித்து எழுதத்தக்க ஈப்ராம் என்னும் சில்லை உருவாக்கினார். அதன் தலையில் படிகக் கண்ணாடியால் ஆன ஒரு சிறு சாளரம் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் எழுதியவை யாவும் அழியும். வெயில் நெடுநாள் பட்டாலும் அழியக்கூடும் என்று அச்சாளரத்தின்மேல் தாள் ஒட்டி மறைத்தார்கள். சில்லைக் கழற்றித் தனிக் கருவியில் வைத்துத்தான் மாற்ற வேண்டும் என்பதால், இப்பணி வல்லுநர் கையிலேயே இருந்தது.

1981 ஆகஸ்டு 12-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் பயாஸ் 8,192 பைட்டு அளவினது. மாற்ற இயலாத சில்லில் பதிக்கப்பட்டது. முதலில் விற்ற பொறிகளில் வன்வட்டை இணைக்க விரும்பியோர் புதிய சில்லையே வாங்கிப் பொருத்த நேர்ந்தது. ஏனெனில், பழைய ஆணைகளுக்கு வன்வட்டின் கட்டுப்பாட்டுப் பலகையைத் தேடி அறியத் தெரியாது. புதிய உறுப்புக்கள் ஆண்டுதோறும் தோன்றும் உலகில், மாறாத முதற்சொல் ஒரு தளையாயிற்று.

அத்தளையை அறுத்தவர் ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோகா. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய அவர், மின்சாரத்தால் ஒரே வீச்சில் அழிக்கத்தக்க நினைவகத்தை 1984-இல் அறிஞர் அவையில் வெளியிட்டார். புகைப்படக் கருவியின் ஒளிவெட்டுப் போல் விரைந்து அழிவதால் ஃபிளாஷ் என்று அதற்குப் பெயர் வந்தது. இதன் பின்னர்ச் சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டில் அமர்ந்தே பொறியின் முதற்சொல்லை மாற்றலாம் என்ற நிலை 1990-களில் பரவியது.

உரிமை வந்தது, உடன் இடரும் வந்தது. ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதைத் தொகுதியாக அழித்த பின்னரே புதியதை எழுத இயலும். அழித்தலுக்கும் எழுதி முடித்தலுக்கும் இடையே சிறிது நேரம் உண்டு. அந்நேரத்தில் சில்லில் பழைய சொல்லும் இல்லை. புதிய சொல்லும் முழுமையாக இல்லை. அப்போது மின்சாரம் நின்றால், மீண்டும் விசையை அழுத்தும்போது பொறிக்கு வழிசொல்ல எவரும் இல்லை. நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டியவன் நிலை அது.

இவ்விடர் எத்தகையது என்பதை விண்வெளி வரலாறும் காட்டும். வைக்கிங் 1 என்னும் அமெரிக்கக் கலம் 1976 ஜூலை 20-இல் செவ்வாயில் இறங்கியது. 90 நாள் உழைக்கவென்று செய்யப்பட்ட அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. தளர்ந்துவந்த அதன் மின்கலங்களைக் காக்கும் நோக்குடன் 1982 நவம்பரில் புதிய ஆணைகள் அனுப்பப்பட்டன. அவை, ஆன்டெனாவைப் புவியை நோக்கித் திருப்பும் குறிப்புக்களின்மேல் பதிந்துவிட்டன. அதன்பின் அக்கலத்தோடு தொடர்பு கிட்டவில்லை. நோக்கம் நல்லதே, ஆனால், திருத்தம் வந்துசேரும் வழியையே திருத்தம் அழித்துவிட்டது.

தீயோரும் இவ்வழியைக் கண்டுகொண்டனர். 1998-இல் தோன்றிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் விழித்தெழுந்தது. வட்டில் இருந்தவற்றைக் கெடுத்ததோடு, சிலவகைத் தாய்ப்பலகைகளின் பயாஸையும் அது சிதைத்தது. அத்தகைய பலகைகளின் சில்லை மாற்றவோ, அதில் ஆணைகளை மீண்டும் எழுதவோ நேர்ந்தது.

இவற்றால் பொறியாளர் கற்ற பாடம் யாது? புதியது நிலைபெறும்வரை பழையதை முற்றும் அழியவிடாதே என்பதே. எனவே, சில்லின் ஒரு சிறு பகுதியை மாற்றாமல் காத்து, மீட்கும் ஆணைகளை அதில் வைத்தனர். சில பலகைகளில் இரண்டு சில்லுகளைப் பொருத்தினர். ஒன்று கெட்டால் மற்றது காக்கும். யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையை வளர்க்க 2005-இல் ஒரு மன்றம் அமைந்தது. புதிய ஆணைகள் உரியவரிடமிருந்து வந்தனவா என்று மின்னொப்பத்தால் ஆராயும் வழக்கமும் பெருகியது.

அப்பாடத்தைக் கற்றதன் பயனை 2024-இல் உலகம் கண்டது. 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தின் ஒரு சில்லு பழுதுற்றது என்று கண்ட பொறியாளர், அதிலிருந்த ஆணைகளைப் பிரித்து வேறு இடங்களில் வைக்கத் துணிந்தனர். எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றவில்லை. கலத்தின் நிலையைத் தெரிவிக்கும் பகுதியை மட்டும் ஏப்ரல் 18-இல் அனுப்பினர். செய்தி சென்றுசேர இருபத்திரண்டரை மணி நேரம். மறுமொழி வரவும் அவ்வளவே. ஏப்ரல் 20-இல் கலம் தெளிவாகப் பேசியது. அதன் பின்னரே ஏனையவற்றைத் தொட்டனர்.

நண்பர்களே! நம் மேசைமேல் உள்ள பொறிக்கும் இதுவே நெறி. முதலில், மாற்றம் தேவையா என்று கேளுங்கள். பாதுகாப்புக் குறையைத் தீர்க்கவோ, புதிய செயலியை ஏற்கவோ, அறிந்த பழுதை நீக்கவோ அது உதவுமாயின் செய்க. பலகையின் பெயரையும் அதன் பதிப்பு எண்ணையும் பலகையிலேயே படித்தறிந்து, செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் கோப்பைப் பெறுக. எண் ஒன்று மாறினாலும் அது வேறு பலகைக்கு உரியதாகலாம். தம் கோப்புக்களைப் படியெடுத்து, அமைப்புக்களைக் குறித்து, வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலையும் கைவசம் வைத்துக்கொள்க. கெட்டுப்போனால் மீளும் வழி யாது என்பதைக் கையேட்டில் முன்னரே படித்துவிடுக. இடி மின்னல் வேளையிலும் மின்வெட்டு வரும் வேளையிலும் தொடங்கற்க. இயலுமாயின் மின்காப்புக் கருவியோடு இணைத்துச் செய்க. தொடங்கியபின், திரை இருண்டாலும் பொறி தானே மீண்டும் மீண்டும் எழுந்தாலும், கை வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடப் பொறுமைதான் இப்பணியின் பெரும்பகுதி.

வல்லுநர் கையில் மட்டும் இருந்த ஓர் ஆற்றல் இன்று மாணவர் கைக்கு வந்திருக்கிறது. அதை அஞ்சி ஒதுக்குவதும் அறிவன்று. அவசரத்தில் ஆள்வதும் அறிவன்று. மாற்றத் துணிவதற்குமுன் மீளும் வழியைக் காத்துக்கொள்வதே இவ்வரலாறு நமக்குத் தரும் அறிவாகும்.