திருப்பெரும்புதூர்ச் சாலையும் ஒரு வாக்குமூலமும்

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையின் மருங்கில் அமைந்த சிற்றூர் நசரத்பேட்டை. பூந்தமல்லியிற் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர் என்றும், திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமாநுசர் அவரைத் தம் ஆசானாகக் கொண்டார் என்றும் வைணவ மரபு கூறும். அருளாளர் இருவரை ஈன்ற ஊர்களுக்கு இடைப்பட்ட வழி இது. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, தேர்தல் பரப்புரைக்கு வந்த முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி இவ்வழியேதான் திருப்பெரும்புதூருக்குச் சென்றார். அங்கு வெடித்த மனித வெடிகுண்டு அவரோடு காவலர், கட்சித் தொண்டர், பொதுமக்கள் பலரின் உயிரையும் பறித்தது. அக்கொலை வழக்கு விசாரிக்கப்பெற்ற இடமோ, அதே சாலையின் இம்முனையில் உள்ள பூந்தமல்லி. தண்டனை பெற்றோர் நெடுங்காலம் அடைபட்டிருந்த வேலூர்ச் சிறையும் அதே சாலை தொட்டுச் செல்லும் ஊரில்தான் இருக்கிறது.

குற்றம் சாட்டப்பெற்றோர் 41 பேர். அவருள் 12 பேர் இறந்துவிட்டனர். மூவர் தலைமறைவாயினர் எனப்பட்டது. எஞ்சிய 26 பேர் பூந்தமல்லியில், காவல் அரணுக்குள் அமைந்த தனி நீதிமன்றத்தில் நிறுத்தப்பெற்றனர். விசாரணை மூடிய கதவுகளுக்குள் நடந்தது. சாலையில் பேருந்துக்குக் காத்து நின்றவர்க்குத் துப்பாக்கி ஏந்திய காவலர் தெரிந்தனர். உள்ளே எழுந்த சொற்கள் எவர் செவிக்கும் எட்டவில்லை. 1998 சனவரி 28இல் நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தபோதுதான் நாடு திடுக்கிட்டு அத்திசையை நோக்கியது.

வழக்கு நடந்தது தடாச் சட்டத்தின்கீழ். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அச்சட்டம் சான்றாக ஏற்றது. நாட்டின் பொதுச் சட்டம் அதற்கு நேர்மாறானது. அப்பொதுச் சட்டத்தின் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் நிகழ்ந்த கொடுமைகளை ஆராய்ந்த குழு 1855இல் தன் அறிக்கையை அளித்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாளும் அவ்வாங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயராலேயே இடம்பெற்றன. நம் மொழி பிறமொழி ஆவணம் ஒன்றுக்கு ஈந்த சொற்கொடையுள் இதனினும் துயரமானது பிறிதொன்று இருத்தல் அரிது. காவலரிடம் அளித்த ஒப்புதல் சான்றாகாது என்னும் விதி 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 1872இல் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. அயலவர் ஆட்சியே அஞ்சி அடைத்த வாயிலை 1980களில் விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் மீண்டும் திறந்துவிட்டது என்க.

தடா வழக்கில் மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்குச் செல்லாது; நேரே உச்சநீதிமன்றத்துக்கே செல்லும். பழ. நெடுமாறன் தலைமையில் எழுந்த உயிர்காப்புக் குழு மக்களிடம் நிதி திரட்டிற்று, வழக்கறிஞர் என். நடராசன் வாதிட்டார். 1999 மே 11இல் தீர்ப்பு வந்தது. 19 பேர் விடுதலை பெற்றனர். மூவர்க்கு ஆயுள் தண்டனை. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வர்க்குத் தூக்கு. நளினியைப் பொறுத்தவரை நீதிபதி கே.டி. தாமஸ் மாறுபட்டு, ஆயுள் தண்டனையே தகும் என்றார். இச்செயல் தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றம் ஆகாது என நீதிமன்றம் விலக்கியது. ஆயினும் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் செல்லும் என்றது. மரம் வெட்டுண்டது, அதன் கனி மட்டும் சந்தையில் நின்றது.

அக்கனிகளுள் ஒன்று பேரறிவாளன் வாக்குமூலம். 1991 சூனில் கைதானபோது அவர்க்கு வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேற் சாற்றப்பட்ட முதன்மைக் குற்றம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் மத்தியப் புலனாய்வுத் துறையில் கண்காணிப்பாளராய் இருந்த வி. தியாகராசன். ஓய்வு பெற்றபின், 2013இல், அவர் ஓர் உண்மையை வெளியிட்டார்: அப்பேட்டரிகள் எதற்குப் பயன்படப் போகின்றன என்பது தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பின்னர் உச்சநீதிமன்றத்திலும் அதனை உறுதிமொழியாக அளித்தார். ஒரு சொல் நீங்கின் பாட்டின் பொருள் திரியும் என்பதைப் புலவர் அறிவர். இங்கே ஒரு வாக்கியம் நீங்கியது. அறியாது செய்தவன் அறிந்து செய்தவன் ஆயினான். எழுதியவர் மனம் இருபதாண்டுக்குமேல் அதனைச் சுமந்திருக்க வேண்டும். காலம் தாழ்ந்தேனும் வெளிப்படச் சொன்னமை மதிக்கத்தக்கது. தாழ்ந்த காலமோ பிறனொருவனின் இளமை.

நளினியின் தூக்கு 2000இல் ஆயுளாகக் குறைந்தது. சிறையிற் பிறந்த அவருடைய குழந்தையின் பொருட்டுக் கணவரை இழந்த சோனியா காந்தியே அருள் வேண்டியிருந்தார். ஏனை மூவரின் கருணை விண்ணப்பங்கள் பதினோராண்டு கிடந்து 2011 ஆகஸ்டில் மறுக்கப்பட்டன. செப்டம்பர் 9 தூக்கு நாளாகக் குறிக்கப்பெற்றது. ஆகஸ்டு 28இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் தீக்குளித்து மாண்டார். 30ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்க வேண்டுமெனச் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றிற்று. 2014 பிப்ரவரி 18இல், விண்ணப்பத்தின்மீது முடிவெடுப்பதில் நேர்ந்த தாழ்வையே காரணமாகக் காட்டி, நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவர் தூக்கையும் ஆயுளாக மாற்றியது.

இவ்வழக்கின் பதிவேட்டில் காணப்படாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008 மார்ச்சு 19இல் இராஜீவ் காந்தியின் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைக் கண்டார். எந்த நீதிமன்றமும் அச்சந்திப்புக்கு ஆணையிடவில்லை. எந்தச் சட்டமும் அதற்கு இடம் வகுத்திருக்கவில்லை. குற்றத்தால் புண்பட்டவரும் குற்றவாளி எனப்பட்டவரும் நேர்நின்று பேசி ஆற்றுப்படுவதே நீதியின் ஒரு வழி எனக் கொண்டு, நியூசிலாந்து 1989இலேயே இளஞ்சிறார் வழக்குகளில் குடும்பத்தாரும் புண்பட்டோரும் ஒருங்கமரும் முறையைச் சட்டமாக்கியது. இந்நாட்டில் அரசும் குற்றவாளியுமே எதிரெதிர் நிற்பர். புண்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கினால் அவர் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆனால் புண்பட்டோர் ஒரு குடும்பத்தார் மட்டுமல்லர். அன்றிரவு மாண்ட ஏனையோரின் உறவினர் பலர் எழுவர் விடுதலையை எதிர்த்தனர். உச்சநீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தனர். 2019 மே மாதம் அது தள்ளுபடியாயிற்று. அவர்தம் எதிர்ப்பைப் பகையென ஒதுக்கிய பேச்சு தமிழ்நாட்டில் மிகுதி. பெருந்தலைவரின் குடும்பம் பொறுத்தது. ஆகவே ஏனையோரும் பொறுத்தாக வேண்டும் என்பது அறமன்று. வேலூரில் நிகழ்ந்தது போன்றதொரு சந்திப்பை வேண்டவோ மறுக்கவோ, தம் இழப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவோ அக்குடும்பங்களை அழைத்தவர் யார்? அரசும் அழைக்கவில்லை, இயக்கங்களும் அழைக்கவில்லை.

எழுவரையும் விடுவிக்க 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடாது காலம் கடத்தினார். 2022 மே 18இல் உச்சநீதிமன்றம் தன் தனியதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. நவம்பர் 11இல் மற்ற அறுவரையும் விடுவித்தது. முப்பதாண்டுக் காலம் சிறை வாயில்தோறும் அலைந்த அற்புதம் அம்மாள் மகனுடன் இல்லம் திரும்பினார்.

ஈழத்தவர் நால்வர்க்கு அந்த நல்லூழ் உடனே வாய்க்கவில்லை. சிறையினின்று நீங்கிய அவர்கள் திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பெற்றனர். அவருள் சாந்தன் நோயுற்று, 2024 பிப்ரவரி 28இல் சென்னையில் இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். தாயைக் காண ஊர் செல்ல விழைந்தவரின் உடலே யாழ்ப்பாணம் சேர்ந்தது. எஞ்சிய மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பெற்றனர்.